பின் பலகையும் அதன் சிறு விளக்கும்

அந்தி மயங்கி இருள் கவியும் வேளையில், மலைப்பாதையில், ஒரு ஜீப்பின் பின்னால் பயணம் செய்திருக்கும் நேயர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. முன்னே செல்லும் வண்டியின் இரு ஓரங்களிலும் செவ்விளக்குகள் மினுக்குகின்றன. நடுவே பெரியதொரு சக்கரம் தொங்குகிறது. அதன் கீழோ பக்கத்திலோ சேறு தெறித்த தகடு ஒன்று இருக்கிறது. அதில் எழுதியிருப்பது யாது என்று கூர்ந்து பார்த்தும் தெரிவதில்லை. வண்டி எந்த மாநிலத்தது, எந்த ஊரில் பதிவானது, யாரிடம் கேட்டால் அதன் உடையவரைக் கண்டுபிடிக்கலாம் என்னும் செய்தி முழுவதும் அந்தத் தகட்டில்தான் அடங்கியிருக்கிறது. பகலில் அது பேசும். இரவில் அது ஊமை. அதற்கு வாய் கொடுப்பது கட்டை விரல் அளவேயான ஒரு பல்பு.

அந்தத் தகட்டின் வரலாற்றையும், அதனருகே எரியும் சிறு விளக்கின் வரலாற்றையும், காடு மலைகளில் ஓடும் வண்டிகளில் இவ்விரண்டும் இடம் பெயர நேர்ந்த கதையையும் இன்று நாம் எடுத்துக்கொள்வோம். சிறு பொருள்தான். ஆயினும் இடம் பெயர்ந்து வாழும் நம்மவர்க்கு எண் பலகை என்பது வெறும் தகடு அன்று என்பதை, ஊரிலிருந்து வண்டி கொண்டுவந்த ஒவ்வொருவரும் அறிவர்.

எண் பலகை பிறந்த ஊர் பாரிஸ் மாநகரம். 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் அந்நகரின் காவல்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் ஓர் உலோகத் தகட்டைத் தாங்க வேண்டும். உடையவரின் பெயரும் முகவரியும் வண்டியின் எண்ணும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். தகடு வண்டியின் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். அது ஒருபோதும் மறைந்திருத்தல் ஆகாது. பெயரும் முகவரியும் காலப்போக்கில் உதிர்ந்துபோயின. எண் மட்டும் நின்றது. மறைந்திருத்தல் ஆகாது என்ற அந்தக் கடைசி வாசகம் இருக்கிறதே, அதுதான் இந்த வரலாற்றின் முதுகெலும்பு. பின்னர் எல்லா நாடுகளிலும் எழுந்த விதிகள் பெரும்பாலும் அதற்கு எழுதிய உரைகளே.

பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் வண்டிச் சட்டம் 1904 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 20 மைல் என்று வேகத்துக்கு வரம்பு கட்டிய அதே சட்டம், ஒவ்வொரு வண்டிக்கும் எண்ணும் கட்டியது. செல்வர்கள் முகம் சுளித்தனர். வாடகைக் குதிரை வண்டிக்கு இடுவதுபோல் தங்கள் வண்டிக்கும் எண்ணா என்பது அவர்களுடைய குறை. ஆனால் மனித மனம் விந்தையானது. லண்டனின் ‘ஏ 1’ என்னும் எண்ணைப் பெறுவதற்கு ரஸ்ஸல் பிரபு, தத்துவ அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸலின் தமையனார், இரவு முழுவதும் காத்திருந்தார் என்று சொல்வதுண்டு. இழிவென்று எண்ணிய ஒன்று எவ்வளவு விரைவில் பெருமையாகி விடுகிறது! இன்றும் நம் நகரங்களில் ஃபேன்ஸி நம்பருக்கு நடக்கும் ஏலங்களைக் காண்போர் அந்தப் பிரபுவை மன்னித்துவிடுவர்.

விளக்கின் பேச்சு வந்ததும் அந்தச் சட்டத்தைத் தொடர்ந்த விதிகளில்தான். கதிரவன் மறைந்து ஒரு மணி நேரம் ஆனதிலிருந்து, உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை, பின் பலகையின் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வோர் இலக்கமும் எளிதில் புலப்படும்படி ஒரு விளக்கு எரிய வேண்டும் என்றனர். முன் பலகைக்கு இத்தகைய விளக்கைக் கேட்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். எதிரே பாய்ந்து வரும் வண்டியைக் காண்பவன் ஒதுங்கத்தான் பார்ப்பான். எண்ணைப் படித்துக்கொண்டு நிற்கமாட்டான். படிக்கப்பட வேண்டியது கடந்து போய்விட்ட வண்டியின் எண்.

அந்நாளில் வண்டியில் மின்சாரம் அரிது. முன் விளக்குகளில் கார்பைடு வாயு எரிந்தது. பின்புறத்தில் எண்ணெய் விளக்கு ஒன்றே. அதன் பின்முகத்தில் சிவப்புக் கண்ணாடி. பக்கத்தில் வெள்ளைக் கண்ணாடி பதித்த ஒரு சிறு சாளரம். சிவப்பு, பின்னால் வருபவரை எச்சரித்தது. சாளரத்தின் வழியே கசிந்த வெள்ளொளி, பக்கத்தில் இருந்த பலகையின்மேல் விழுந்தது. ஒரே சுடர் இரண்டு தொழில் செய்தது. சுடர் போய்ப் பல்பு வந்த பின்னும் இந்த ஏற்பாடு போகவில்லை. இன்றும் பல ஸ்கூட்டர்களின் பின் விளக்கைக் குனிந்து பார்த்தால், சிவப்புக் கண்ணாடியின் அடியில் நிறமற்ற பட்டை ஒன்று தெரியும். அது அந்த எண்ணெய் விளக்குச் சாளரத்தின் வழித்தோன்றல்.

நம் நாட்டில் முதலில் மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. 1914-ஆம் ஆண்டில் இந்திய மோட்டார் ஊர்திச் சட்டம் பொதுவாக வந்தது. 1939-ஆம் ஆண்டின் சட்டம் அதை விரிவாக்கி, எந்த மாகாணத்துக்கு எந்த எழுத்துகள் என்று ஓர் அட்டவணையும் தந்தது. எழுத்துகளின் கதையைச் சற்றுப் பொறுத்துச் சொல்வோம். அதற்கு முன் ஜீப் வந்தாக வேண்டும்.

1940 செப்டம்பர் 23-ஆம் நாள் அமெரிக்காவில் ஹோலபேர்டு என்னும் படைமுகாமில், பாண்டம் என்னும் சிறு கம்பெனி செய்த முதல் மாதிரி வண்டி வந்து நின்றது. அதனை ஒட்டி வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. பாதை இல்லாத இடத்தில் பாதை செய்துகொண்டு போவதற்காகப் பிறந்த வண்டி அது. அதன் முதுகைப் பாருங்கள்: ஒரு பக்கம் மாற்றுச் சக்கரம், மறு பக்கம் பெட்ரோல் தகர டப்பா, கீழே இழுவைக் கொக்கி. எண் பலகைக்கு இடமே கிடையாது. தேவையும் இல்லை, படைப் பதிவெண்ணை எஞ்சின் மூடியின் பக்கங்களில் வண்ணத்தால் எழுதிவிட்டனர்.

மாற்றுச் சக்கரத்தை நம் நாட்டு ஓட்டுநர் எவரும் மாற்றுச் சக்கரம் என்று சொல்வதில்லை. சென்னையானாலும் கல்கத்தாவானாலும் அது ஸ்டெப்னிதான். வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கே டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில், பஞ்சரான சக்கரத்தின்மேல் பூட்டி ஓட்டக்கூடிய காற்றடைத்த வளையம் ஒன்றைச் செய்து, அதற்குத் தெருவின் பெயரையே இட்டனர். பிறந்த நாட்டில் மறைந்துபோன அந்தப் பெயர் நம் நாட்டுப் பட்டறைகளில் வாழ்கிறது. பின் பலகை தன் இடத்தை இழந்து அலைந்ததற்குப் பெருங்காரணமும் இந்த ஸ்டெப்னியே.

போர்க்கால ஜீப்பின் பின் விளக்குகளோ வியப்புக்குரியவை. அவற்றில் ஒளியை மறைக்கும் மூடிகள் உண்டு. சிறு திறப்புகளின் வழியே மட்டும் சிவப்பு கசியும். நெருங்கிய தொலைவில் அவை நான்கு புள்ளிகளாகத் தோன்றும். சற்று விலகினால் இரண்டாகும். மேலும் விலகினால் ஒன்றாகிவிடும். பின்னால் வரும் ஓட்டுநர் புள்ளிகளை எண்ணியே தம் இடைவெளியைக் காத்துக்கொண்டார். வானிலிருந்து பார்க்கும் பகைவனுக்கு ஒன்றும் தெரியலாகாது. ஆகவே இந்த வண்டி பிறந்த நோக்கம் மறைவது. நாட்டுச் சாலைகளின் சட்டமோ, பாரிஸ் ஆணையின் காலம் முதல், மறையாதே என்று சொல்லிவந்தது. போர் முடிந்ததும் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்தன.

சந்தித்த இடங்களுள் நம் நாடும் ஒன்று. படைக்கு வேண்டாமற்போன ஜீப்புகள் ‘டிஸ்போசல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. தேயிலைத் தோட்டத்தாரும் மரக் காண்டிராக்டர்களும் அணை கட்டும் எஞ்சினீயர்களும் அவற்றை வாங்கினர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மஹிந்திரா நிறுவனம் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பின்னர் இங்கேயே உற்பத்தியும் செய்தது. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, வட்டார வளர்ச்சி அதிகாரியின் ஜீப் என்பது இந்தியக் கிராமம் முழுவதும் அறிந்த உருவமாயிற்று.

இந்த வண்டிகள் அனைத்துக்கும் எண் பலகை வேண்டும். இரவில் அதற்கு ஒளியும் வேண்டும். எங்கே மாட்டுவது? வில்லிஸ் கம்பெனியே 1945-இல் குடிமக்களுக்கென்று செய்த ஜீப்பில், பின்புறம் திறந்து மடக்கும் கதவு வைத்து, ஸ்டெப்னியை வண்டியின் பக்கவாட்டுக்கு மாற்றியது. அப்போதும் சிக்கல் தீரவில்லை. மடக்குக் கதவில் பலகையை அறைந்தால், நீண்ட மரமோ குழாயோ ஏற்றிக் கதவைக் கீழே சாய்த்து ஓட்டும்போது பலகை தரையைப் பார்க்கும். பம்பரில் தொங்கவிட்டால், ஓடையில் இறங்கிச் செங்குத்தான கரையில் ஏறும்போது வண்டியின் வால் மண்ணை உரசும். பலகை மடங்கும், சில சமயம் ஆற்றிலேயே தங்கிவிடும். ஓரத்தில், பின் விளக்கின் அடியில் ஒட்டினால் ஒளி கிடைக்கும். ஆனால் இடம் குறுகலாக இருப்பதால் எழுத்துகளை இரண்டு வரியாக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் இவ்வளவையும் எண்ணிப் பார்த்து, வண்டிக்கு வண்டி ஓர் இடம் கண்டனர். பழைய ஜீப்புகளின் படங்களைப் பார்ப்போர், இரண்டு வண்டிகளில் பின் பலகை ஒரே இடத்தில் இருப்பதை அருமையாகவே காண்பர்.

பலகையைப் பெயர்த்து மாட்டுவது எளிது. இரண்டு துளை, இரண்டு திருகு. ஒளியைப் பெயர்ப்பதுதான் வேலை. வேலை மிகுந்த இடத்தில் மனிதர் சோர்வது இயல்பு. பலகை நடுவுக்குப் போய்விடும். விளக்கு பழைய ஓரத்திலேயே நின்று வெற்றுத் தகரத்துக்கு ஒளி காட்டிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட வண்டிகளை நாமே பலமுறை கண்டிருக்கிறோம்.

இனி எழுத்துகளின் கதைக்கு வருவோம். 1939 சட்டத்தின் அட்டவணைப்படி சென்னை மாகாண வண்டிகள் எம்.எஸ்., எம்.டி. முதலிய எழுத்துகளோடு ஓடின. 1969-இல் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்ற பின் டி.எம்., டி.என். எழுத்துகளும் வந்தன. 1988-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறையானபோது, மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, அலுவலகத்துக்கு இரண்டு இலக்கம் என்னும் இன்றைய முறை நாடெங்கும் அமைந்தது. டில்லியின் கரோல்பாக்கிலோ பம்பாயின் மாதுங்காவிலோ கல்கத்தாவின் ஏரிப் பகுதியிலோ குடியிருந்த நம்மவர், தெருவில் ‘எம்.எஸ்.’ பலகையோடு ஒரு வண்டி நிற்கக் கண்டால், யார் வந்திருக்கிறார்கள் என்று நின்று விசாரித்த காலம் ஒன்று உண்டு. ஊர்க் கடிதம் தபாலில் வருவதுபோல அந்தப் பலகை சாலையில் வந்தது.

ஆனால் சட்டம் அந்த உறவுக்குப் பன்னிரண்டு மாதமே தவணை தருகிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் பெற வேண்டும் என்னும் விதி 1939 சட்டத்திலும் இருந்தது, 1988 சட்டத்திலும் இருக்கிறது. பழைய அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று, புதிய மாநிலத்தில் வரி, பழைய வரியில் எஞ்சியதைத் திரும்பக் கேட்கும் மனு என்று இதற்கு நடக்கும் நடை நம்மவர் பலருக்குப் பாடம். 2021 செப்டம்பர் 15 முதல் ‘பி.எச்.’ என்னும் பாரத வரிசை வந்திருக்கிறது. படையினரும் அரசு ஊழியரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியரும் அதைப் பெறலாம். அவர்களுடைய வண்டி மாநிலம் மாறினாலும் எண் மாறாது. அந்தப் பட்டியலில் இல்லாத கடைக்காரரும் தச்சரும் சிற்றுண்டிச்சாலை நடத்துபவரும் பழைய நடையையே நடக்க வேண்டியிருக்கிறது.

பலகை எல்லாருக்கும் நட்பாக இருந்ததில்லை என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2016 செப்டம்பர் 12-ஆம் நாள், காவிரி நீர்ப் பிணக்கில் பெங்களூரு கொதித்தெழுந்தபோது, தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. பேருந்தில் ஏறியிருந்தவர் யார், ஓட்டியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. எழுத்துகள் இரண்டைப் படித்ததே போதுமாயிருந்தது. தெளிவாகத் தெரியவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும் ஒன்று, சட்டம் காக்கத் தவறும் பொழுதில் வண்டியைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். இதற்கு மாற்றாகப் பலகையை மறைப்பதை நாம் பரிந்துரைக்க இயலாது. ஆனால் அந்த நாளில் வண்டியோடு அங்கே இருந்தவர்களின் அச்சத்தை எளிதாக ஒதுக்கவும் மனம் வரவில்லை.

பலகையின் உருவமும் மாறியது. முற்காலத்தில் தனியார் வண்டிகளில் கரும்பலகைமேல் வெள்ளெழுத்து இருந்தது. இன்று வெண்பலகைமேல் கருப்பெழுத்து. 2001-ஆம் ஆண்டு விதிகளில் உயர்பாதுகாப்புப் பலகை வந்தது. பல ஆண்டு வழக்குகளுக்கும் தாமதங்களுக்கும் பின், 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகள் அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு. அதன்மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம். மூலையில் அசோகச் சக்கரம் பொறித்த முத்திரை. கார், ஜீப் போன்றவற்றுக்கு 500-க்கு 120 மில்லிமீட்டர் நீளப் பலகை அல்லது 340-க்கு 200 மில்லிமீட்டர் அகலப் பலகை. ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இடம் தேடும் ஜீப்புக்கு இந்த இரண்டாவது அளவு வசதி. பின் பலகையை ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாத பூட்டாணியால் அறைகின்றனர். கழற்ற வேண்டுமானால் பூட்டை உடைக்க வேண்டும். உடைத்தால் மீண்டும் பயன்படாது. ஆகவே பழைய பட்டறைக்காரர் இரண்டு திருகோடு முடித்த வேலையை, இன்று அங்கீகாரம் பெற்றவரிடம் போய்ப் புதிய பூட்டோடு செய்துகொள்ள வேண்டும்.

படலம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறதே, இனி விளக்கு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். அந்தப் படலத்தின் தொழிலைச் சற்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே அது திருப்பி அனுப்புகிறது. பின்னால் முன் விளக்குகளை ஏற்றிக்கொண்டு காரில் வருபவருக்குப் பலகை பளிச்சென்று தெரியும். சாலை ஓரத்தில் நடந்து போகிறவர் கையில் விளக்கு இல்லை. மோதுண்டு கீழே விழுந்து கிடப்பவர் கையிலும் இல்லை. அவருக்குப் படலம் எதையும் திருப்பித் தராது. அந்தச் சிறு பல்பு ஒன்றே அவருக்காக எரிகிறது.

மத்திய மோட்டார் ஊர்தி விதிகள் 1989-இல் கேட்பது இவ்வளவுதான்: பின் பலகை முழுவதும் வெள்ளொளியால் விளங்க வேண்டும், பின்புறம் 15 மீட்டர் தொலைவில் படிக்க முடிய வேண்டும். செவ்விளக்கோ 155 மீட்டரில் தெரிய வேண்டும். இவை பழைய 50 அடி, 500 அடிக் கணக்கின் எச்சம் என்றே நமக்குத் தோன்றுகிறது. காரின் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம். ஓட்டுநர் உரிமத்துக்கு மனுச் செய்பவரிடம், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து எண் பலகையைக் காண இயலுமா என்று படிவத்தில் கேட்கின்றனர். பகலுக்கு 25, இரவுக்கு 15. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் போய்விடும். ஆகவே இரவில் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் ஓடும் வண்டியின் எண், சட்டப்படி விளக்கு எரிந்தாலும், உறுதியாகப் படிக்கக் கிடைப்பது ஒரு நொடிதான். விளக்கு எரியாவிட்டால் அதுவும் இல்லை.

அந்த ஒரு நொடிக்கு என்ன விலை? இடித்த வண்டி எதுவென்று தெரியாத விபத்துகளுக்காக 1982-இல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.5,000 கிடைத்தது. 1994-இல் அது ரூ.25,000 ஆயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அப்படியே நின்று, 2022 ஏப்ரல் 1 முதல் ரூ.2,00,000 ஆகியிருக்கிறது, கடுங்காயத்துக்கு ரூ.50,000. வண்டியின் எண் தெரிந்திருந்தாலோ நிலை வேறு. தவறு யாருடையது என்று நிறுவாமலே, சாவுக்கு ரூ.5,00,000 கேட்கலாம். அல்லது தீர்ப்பாயத்துக்குச் சென்று, இறந்தவரின் வருவாய், வயது, அவரை நம்பியிருந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டி, அதற்கும் மேலே பன்மடங்கு பெறலாம். வேற்று மாநிலத்தில் கட்டட வேலைக்குப் போய், இரவில் தங்குமிடம் திரும்பி நடக்கும் ஒருவரின் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்று காட்டுவழி ஓட்டத்தை விளையாட்டாகக் கொண்டோர் பலர் ஜீப் வகை வண்டிகளில் பெரிய டயர்களைப் பூட்டுகின்றனர். ஸ்டெப்னியும் பெரிதாகிறது, முன்பு தெரிந்த பலகை அதன் பின்னால் ஒளிகிறது, பலகையை மாற்ற வேண்டிவருகிறது. வண்டியின் அமைப்பை, தயாரித்தவர் குறித்த விவரத்துக்கு மாறாகத் திருத்தக்கூடாது என்று 1988 சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஆகவே டயரின் அளவிலேயே முதற் கேள்வி எழுகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே பட்டறைக்குப் போவது முறை.

பட்டறையில் நடக்கும் வேலை நுட்பமானது. பல்பு வழக்கமாக 12 வோல்ட், 5 வாட், இப்போது எல்.இ.டி.யும் உண்டு. அதற்கு மின்சாரம் பின் விளக்கின் ஒயரிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். தனி சுவிட்ச் கூடாது. செவ்விளக்கு எரியும்போதெல்லாம் பலகை விளக்கும் தானாக எரிய வேண்டும். ஓட்டுநர் நினைத்தால் அணைக்கும்படி இருத்தலாகாது. ஒயர் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், மேடு பள்ளக் குலுக்கலில் தகட்டின் விளிம்பு ஒயரை அறுத்துவிடும். கதவின் கீல் அருகே ஒயரைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும். இல்லையேல் நூறுமுறை கதவு திறந்ததும் உள்ளே செம்பு முறியும். எர்த் ஒயரை வண்ணம் பூசிய இடத்தில் முடுக்கிவிட்டுப் பல்பு எரியவில்லையே என்று தேடுவது எல்லாப் பட்டறைகளிலும் நடப்பதுதான். விளக்குக்கு மேல்மூடி வேண்டும். ஒளி பலகைமேல் விழ வேண்டுமேயன்றிப் பின்னால் வருபவரின் கண்ணில் விழலாகாது.

அண்மையில் மலையடிவாரத்துப் பட்டறை ஒன்றில் இந்த வேலை நடப்பதை நாம் கண்டோம். பலகை ஸ்டெப்னியின் பக்கத்துக்கு வந்திருந்தது. விளக்கும் உடன் வந்திருந்தது. இருட்டும் வரை மெக்கானிக் வண்டியை விடவில்லை. பிறகு பட்டறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, உடன் வேலை செய்யும் சிறுவனைப் பின்னால் போகச் சொன்னார். அவன் இருபது எட்டு நடந்து, சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்து, எண்ணை உரக்கப் படித்தான். ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தான். மெக்கானிக் விளக்கின் மூடியைச் சற்றே கீழே சாய்த்து, மறுபடி படிக்கச் சொன்னார்.